வீம்புக்குப் போட்ட கிடை

இப்போதெல்லாம் வெயில் அடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள எவனும் அண்ணாந்து பார்ப்பதில்லை. குனிந்து போனைப் பார்க்கிறான். வேர்த்து வழிந்துகொண்டே, "இன்னைக்கு வெக்கை ஜாஸ்தியாம்லா" என்று எனக்குச் சேதி சொல்கிறான். உன் முதுகில் ஓடுகிற வேர்வை உனக்குச் சொல்லவில்லையா, மூதி? எதிரே ஆள் வந்தால் "எங்க போறிய?" என்று கேட்கிற பழக்கமும் செத்துப் போயிற்று. நான் எங்கே போகிறேன் என்பது அவன் போனிலேயே தெரிகிறது. தெரிந்த பிறகு கேட்க என்ன இருக்கிறது?

என் பெயர் மாசானம். ஆடு மேய்க்கிறவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு காலத்தில் நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை போன கதையைத்தான் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். என்னைத் திருத்த வராதீர்கள்.

எங்கள் ஊர் செம்மணல்விளை, தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது. தேரி என்றால் சிவப்பு மணல் மேடு. கண்ணுக்கெட்டிய மட்டும் குங்குமத்தைக் கொட்டி வைத்ததுபோலக் கிடக்கும். ஆடிக்காற்று அடித்தால் மேடு எழுந்து நடக்கும். அதை நடக்க விடாமல் பிடித்து வைத்திருந்தவை பனையும் கொல்லா என்கிற முந்திரியும் உடைமரமும். குடையை விரித்து வைத்ததுபோலத் தலை பரந்து நிற்குமே முள்மரம், அதுதான் உடை. காய்ந்து விழுகிற அதன் நெற்று ஆடுகளுக்குப் பலகாரம் மாதிரி. மழை தப்ப ஆரம்பித்ததும் பனை மொட்டையாயிற்று, கொல்லா காய்ந்தது. உடை மட்டும் நின்றது. ஆனால் அதுவும் கன்று விடுவதை நிறுத்திவிட்டது. மலடியாகிப் போன மரம். மணல் இறங்கி வந்தது. டீக்கடை லிங்கத்துரையின் பழைய கடை இப்போது மணலுக்கு அடியில்தான் இருக்கிறது. கட்சிக் கொடி கட்டிய கம்பியின் நுனி மட்டும் வெளியே தெரியும். அதன் மேல் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருக்கும்.

அப்போதுதான் தாவரக் காப்பு வாரியம் என்று ஒன்று வந்தது. காடெங்கும் முழங்கால் உயரத்துக்குக் குச்சி நட்டார்கள். ஒரு கறுப்புக் குச்சி, உச்சியில் ஒரு கண், பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கி. நட வந்தவள் ஹப்ஸா. காயல்பட்டினத்துப் பெண். டாக்டர் பட்டம் வாங்கியவளாம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, செடி டாக்டர். வெயிலில் முகம் கன்றிப்போக நின்று வேலை பார்ப்பாள். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"இந்தக் குச்சி என்ன பண்ணும்மா?" என்று கேட்டேன்.

"காது கொடுத்துக் கேக்கும் தாத்தா. ஒரு செடிய ஆடு கடிச்சா அது சும்மா இருக்காது, ஒரு வாசனைய விடும். தண்ணி இல்லாமத் தவிச்சா தண்டுக்குள்ள சத்தம் வரும். நமக்குக் கேக்காது, இதுக்குக் கேக்கும். எல்லாக் குச்சியும் கேட்டத ஒரு எந்திரத்துக்கிட்ட சொல்லும். எந்தச் செடி எங்க பொழைக்கும், எது எப்ப சாவும்னு அது சொல்லும்."

"அப்ப ஜோசியம்."

"ஜோசியம் இல்ல தாத்தா. கணக்கு."

பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த லிங்கத்துரை, "அப்ப அதுக்குக் கணக்குப்பிள்ளைன்னு பேரு வைங்க" என்றான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கணக்குப்பிள்ளை கேட்டதோடு நிற்கவில்லை. சட்டம் ஒன்று போட்டிருந்தார்கள். ஓர் இடத்தில் சேர்ந்து வாழ்கிற மரம், செடி, கொடி, புல் எல்லாம் சேர்ந்து ஒரு தொகுதி. அந்தத் தொகுதி ஓர் ஆள் மாதிரி. அதற்குத் தீங்கு செய்தால் அதுவே வழக்குப் போடும். செடியின் சார்பில் பேசுகிறவர் கணக்குப்பிள்ளை. முதல் வழக்கு யார் மேல் வந்தது என்று நினைக்கிறீர்கள்? டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது அங்கே நட்டிருந்த குச்சியின் ஒலிபெருக்கி கூப்பிட்டது: "மாசானம் அவர்களே, உங்கள் ஆடுகள் ஏழாம் தொகுதியில் கொழுந்தைக் கடித்துள்ளன." அவர்களே! நாயே என்று திட்டியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

அந்த ஏழாம் தொகுதியில் ஒரு மேட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். உள்ளே மொட்டை மணல். அதில் விதை தூவினார்கள், டிரோன் பறக்க விட்டார்கள், ஒன்றும் முளைக்கவில்லை. ஆனால் நான் உள்ளே போகக் கூடாது. என் பாட்டன் மேய்த்த மேடு, நான் பிறந்ததிலிருந்து புரண்ட மணல். எனக்கு ஆத்திரம் வந்தது.

கிடை போடுவது பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்ததும் ஆடுகளை ஓரிடத்தில் அடைத்துப் படுக்க வைப்பதற்குப் பெயர் கிடை. விடிந்தால் அந்த இடம் பூராவும் புழுக்கை. நல்ல உரம். வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள், "எங்க வயல்ல வந்து போடும்" என்று வெற்றிலை வைத்துக் கூப்பிடுவார்கள். மொட்டை மணலில் கிடை போடுகிறவன் கிறுக்கன். நான் போட்டேன். வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போய், நட்ட நடு மேட்டில், வருசம் மூன்று, வீம்புக்கென்றே போட்டேன். குச்சி கத்தும். ஒலிபெருக்கியில் சாக்கைச் சுற்றிவிட்டுப் படுப்பேன். பிறகு ஒரு நாள் அது கத்துவதை நிறுத்திவிட்டது. பயந்துவிட்டது என்று நினைத்தேன். அதை லிங்கத்துரையிடம் சொல்லிப் பெருமைகூட அடித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் வீட்டில் வேறு விதமாகப் போய்க்கொண்டிருந்தது. என் மனைவி உலகம்மாளுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். எங்கள் ஊரில் ஏது அந்த வசதி? மகள் சொர்ணம் கடையத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். மேற்கே, மலையடிவாரம். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. உலகம்மாளை அங்கே கொண்டுபோய் விட்டேன். கோயில் கொடைத் திருவிழா முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நானும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மருமகனின் தோப்பில் ஆடு அடைய இடம் உண்டு. ஆடு இல்லாமல் வருவேன் என்று சொல்லியிருந்தால் அவளே சேர்த்துக்கொள்ள மாட்டாள். மந்தைக்கு முன்னால் போகிற ஆட்டுக்குப் பெயர் கச்சேரி, அவள் வளர்த்தது. தாய் செத்துப்போன குட்டிக்குச் சங்கில் பால் புகட்டி வளர்த்தாள். ஓயாமல் கத்துவதால் அந்தப் பெயர். அது போகிற வழியில்தான் மற்றதெல்லாம் போகும்.

கொடை முடிந்தது. மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். ஹப்ஸா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பாதி ஊர் வந்தது.

"தாத்தா, ஏழாம் தொகுதி வேலிக்குள்ள போனீங்கள்ல?"

"ஆமா. போனேன். என்ன, ஜெயில்ல போடப் போறியா? போடு. அங்கயாவது குச்சி இருக்காது."

அவள் சிரித்தாள். "ஜெயில் இல்ல. வந்து பாருங்க."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பகலில் அந்த மேட்டை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. இருட்டும்போது போவேன், விடியும்போது ஆட்டைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவேன். முள்ளாகக் காலில் குத்தியவற்றையெல்லாம் ஏதோ சவத்து முள் என்று மிதித்திருக்கிறேன். இப்போது பார்த்தால் உடைமரக் கன்றுகள். சாண் உயரம், முழ உயரம், சில என் இடுப்புக்கு. நான் கிடை போட்ட இடம் மட்டும் பச்சை. அதற்கு வெளியே ஒரு புல்கூட இல்லை.

"நெத்துல இருக்குற விதை தோல் கட்டி தாத்தா. சும்மா தூவினா முளைக்காது. ஆட்டு வயித்துக்குள்ள போயி, தோல் இளகி, புழுக்கையோட விழுந்தா முளைக்கும். உங்க ஆடு மரத்தடியில நெத்தத் தின்னுட்டு இங்க வந்து படுத்துச்சு. குளம்பால மிதிச்சு மண்ணுக்குள்ள அழுத்திச்சு. புழுக்கையே ஈரத்தையும் பிடிச்சு வச்சுச்சு. இந்தப் பக்கம் மணல் எறங்குறது பாதியா கொறஞ்சிருக்கு."

"எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் வீம்புக்குப் போட்டேன்."

"எங்களுக்கும் தெரியல. கணக்குப்பிள்ளைதான் கண்டுபிடிச்சுது." அவள் குரலில் மரியாதை கூடியிருந்தது. "அதனால உங்களையும் ஆடுகளையும் தொகுதியில சேத்திருக்கு."

"எந்தத் தொகுதியில?"

"ஏழாம் தொகுதியில. உடைமரம், கொல்லா, பனை, எருக்கு, ஆடு, அப்புறம் நீங்க. நீங்க இல்லாம இது வாழாது. தொகுதியில சேந்த எதையும் இடம் மாத்தக் கூடாதுன்னு சட்டம். இந்தக் கன்னெல்லாம் மரமாகுற வரைக்கும் நீங்க இங்கதான் இருக்கணும்."

"மரமாக எத்தனை வருசம்?"

அவள் தரையைப் பார்த்தாள். "பத்துப் பன்னெண்டு ஆகும் தாத்தா."

எனக்கு எழுபது தாண்டியாயிற்று. உலகம்மாளுக்குப் பத்து வருசம் இருக்கிறது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இரண்டு வருசம் இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. இந்தக் கணக்குப்பிள்ளை முதலில் என்னைக் குற்றவாளி என்றான். இப்போது மரம் என்கிறான். மனுசன் என்று எப்போதுதான் சொல்வான்?

டீக்கடைக்கு வந்து குச்சியின் முன்னால் நின்றேன். ஊரே வேடிக்கை பார்த்தது.

"ஏ கணக்குப்பிள்ள, என் பொண்டாட்டி கடையத்துல கெடக்கா. நான் போகணும்."

"வணக்கம் மாசானம் அவர்களே. உங்கள் வருத்தம் பதிவு செய்யப்பட்டது. ஏழாம் தொகுதியின் உறுப்பினர்கள் எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை."

காலைத் தூக்கிக் காட்டினேன். "இதுல வேரு எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். அது மட்டும் சிரிக்கவில்லை. "உறுப்பினராக வேர் தேவையில்லை."

"அப்ப என் பொண்டாட்டி உறுப்பினரா இல்லையா?"

"உலகம்மாள் அவர்கள் ஏழாம் தொகுதியில் பதிவாகவில்லை."

"எங்கூட ஒரு ஆயுசு குடும்பம் நடத்துனவ பதிவாகல. காலுல குத்துன முள்ளு பதிவாயிருக்கு!"

"மாற்று ஏற்பாடாக, அவரை நீங்கள் இங்கே அழைத்து வரலாம்."

"ரத்தம் கழுவுத மிசின நீ தூக்கிட்டு வாரியா?"

"அது எங்கள் வாரியத்தின் கீழ் வராது."

காறித் துப்பினேன். குச்சியின் மேல்தான் துப்பினேன். அதையும் பதிவு செய்திருக்கும்.

எந்திரத்தையாவது விட்டுவிடலாம், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஊர் நடந்துகொண்டதைச் சொன்னால் சிரிப்பீர்கள். "ஆட்டை அடிச்சு வெரட்டு" என்று நேற்றுவரை கல் எடுத்தவன் எல்லாம் இன்றைக்கு எனக்குச் சோறு கொண்டுவருகிறான். ஒருத்தி வந்து என் மணிக்கட்டில் மஞ்சள் துணி கட்டினாள். பிள்ளை வரம் கேட்டு மரத்தில் கட்டுவார்களே, அந்தத் துணி. இன்னொருத்தி என் காலில் தண்ணீர் ஊற்றினாள். வெக்கைக்கு இதமாக இருக்கும் என்று ஊற்றினாளா, வளரட்டும் என்று ஊற்றினாளா, தெரியவில்லை. நான் கொல்லைக்குப் போனால்கூடப் பின்னால் ஓர் ஆள் வந்து நின்று இருமுவான். ஓடிவிடக் கூடாதாம்.

லிங்கத்துரையைத் தனியாகப் பிடித்தேன். "ஏல, ஆட்டை நீ ஓட்டிக்கோ. நான் மட்டும் போயிட்டு வாரேன்."

அவன் மறுக்கவில்லை. அடுத்த நாள் காலையில் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கச்சேரி அவனை ஏற இறங்கப் பார்த்தது. அப்புறம் என் வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொண்டது. மற்றதெல்லாம் அதைச் சுற்றிப் படுத்தன. தள்ளினான், இழுத்தான், கெஞ்சினான். கடைசியில் இடுப்பில் ஒரு முட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணாச்சி, ஒம்ம ஆட்டுக்கும் ஒம்ம புத்திதான் இருக்கு" என்றான், இடுப்பைத் தடவிக்கொண்டு.

அன்றைக்கு உலகம்மாள் போனில் கூப்பிட்டாள். குரல் இளைத்திருந்தது. நக்கல் இளைக்கவில்லை.

"என்ன, நீரு இப்ப மரமாயிட்டீராம்லா?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. சொர்ணம் போன்ல காமிச்சா. மஞ்சத் துணியெல்லாம் கெட்டி நிக்கீரு. நல்லாத்தான் இருக்கு. கல்யாணத்தன்னைக்குக்கூட அம்புட்டு அலங்காரம் இல்ல."

"கேலி பண்ணாத. வர விட மாட்டேங்கானுவ."

அவள் கேலியை விட்டாள்: "மிசின்ல படுத்திருக்கும்போது குளிருதுவே. உசிரோட ஐஸ் பெட்டியில வச்சமாதிரி. சொர்ணம் கையப் பிடிச்சுக்கிடுதா, இல்லைன்னு சொல்லல. ஆனா சின்னக் கையி. ஒம்ம கையி காய்ப்பு காச்சு மண்வெட்டிப் பிடிகெணக்கா இருக்கும். அதுதான் வேணும்னு இருக்கு." அப்புறம் உடனே, "கச்சேரி எப்பிடி இருக்கா? அவள விட்டுட்டு வந்துராதீரும்" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

போனை வைத்த பிறகு எனக்கு ஒரு யோசனையும் ஓடவில்லை. உடங்காட்டுக்குப் போய் உதிர்ந்து கிடந்த நெற்றையெல்லாம் ஒரு சாக்கில் அள்ளிக் கட்டினேன். நான்கைந்து நாள் நடை. வழியில் ஆடுகளுக்குத் தீனி வேண்டும். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் கிளம்பினேன். ஒளிந்து போகவில்லை. ஊர் நடுவே, கச்சேரி கத்திக்கொண்டு முன்னால் போக, எல்லோரும் பார்க்கத்தான் போனேன்.

பாலத்துக்கிட்டே மறித்தார்கள். ஒருவன் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தினான். ஆட்டுக்கு டிராக்டர் ஒரு தடையா? அடியில் நுழைந்து போய்விட்டன. நான்தான் சுற்றிப் போக வேண்டியிருந்தது. லிங்கத்துரை என் கையைப் பிடித்தான். இந்தத் தடவை அவன் முகத்தில் கேலி இல்லை, கண் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, ஒரு கடைய மணலுக்குக் கொடுத்துட்டு நிக்கேன். இருக்குற நகைய அடகு வச்சுப் புதுக் கடை போட்டிருக்கேன். நீரு போனா இதுவும் போயிரும். எனக்கு ஒரு பதிலச் சொல்லிட்டுப் போரும்."

முப்பது வருசம் அவன் கையால் டீ குடித்திருக்கிறேன். "அவ குளிருதுங்கா, லிங்கம்" என்றேன். அவன் பிடி தளர்ந்தது. விட்டானா, நான் உதறினேனா, தெரியாது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ மண்ணை வாரித் தூற்றினார்கள். காற்று எதிரே அடித்ததால் அது அவர்கள் மேலேயே விழுந்திருக்கும்.

எல்லைக் குச்சியைத் தாண்டும்போது போலீஸ் வரும் என்று எதிர்பார்த்தேன். கத்தும் என்று எதிர்பார்த்தேன். அது சும்மா நின்றது. மெயின்ரோட்டில் ஏறி, ஒரு குளத்தங்கரை வந்து, ஆடுகளைப் புளியமர நிழலில் நிறுத்தியபோதுதான் பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஹப்ஸா. தனியாக வந்தாள். வெயிலில் வந்த முகம்தான், ஆனால் அழுத முகம் மாதிரியும் இருந்தது.

"பிடிச்சுக் கொண்டு போக வந்தியாம்மா?"

"இல்ல தாத்தா. நீங்க போகலாம்." கையிலிருந்த பலகைபோன்ற போனைக் காட்டினாள். "பாருங்க."

பச்சைக் கோடு போட்ட படம். நடுவில் எங்கள் மேடு. அதிலிருந்து நாக்கை நீட்டியதுபோல ஒரு கோடு வடமேற்கே ஓடிப் புளியமரத்தில் வந்து நின்றது. நான் நான்கு எட்டு நடந்து பார்த்தேன். நாக்கும் நான்கு எட்டு நீண்டது.

"இது என்ன கூத்து?"

"நீங்க எல்லைய விட்டு வெளிய வரல. எல்லை உங்க கூட வந்திருக்கு. எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்." அவள் மரத்தில் சாய்ந்துகொண்டாள். "இன்னும் பதினஞ்சு இருவது வருசத்துல இந்தத் தேரி வெக்கையில உடையும் நிக்காதாம் தாத்தா. நீங்க கிடை போட்ட கன்னும் நிக்காது. உடைமரம் பொழைக்கணும்னா வடமேற்க, மலையடிவாரத்துக் காஞ்ச மண்ணுக்குப் போகணும். மரம் நடக்காது. லாரியில கொண்டுபோயித் தூவினா முளைக்காது. வழியெல்லாம் ஆட்டோட போயி, ராத்திரி ராத்திரி கிடை போட்டு, விட்டுவிட்டு முளைச்சு, ஒண்ணுக்கொண்ணு தொடர்பாப் போகணும். அதுக்கு அந்தப் பக்கம் நடக்குற ஒரு மந்தை வேணும்."

"அப்ப 'போவே'ன்னு சொல்ல வேண்டியதுதான? போகக் கூடாதுன்னு எதுக்குச் சொன்னான்?"

"நான் சொன்னா கோவப்படுவீங்க."

"இனிமே படுததுக்கு மிச்சம் இல்ல. சொல்லு."

"கணக்குப்பிள்ளை மூணு வருசம் உங்களப் பாத்திருக்கு தாத்தா. வேலி போட்டா உள்ள போவீங்க. வராதேன்னா வருவீங்க. 'கடையத்துக்கு நடந்து போங்க, வழியில கிடை போடுங்க'ன்னு சொல்லியிருந்தா நீங்க ஆட்டை வித்துட்டு பஸ்ல போயிருப்பீங்களாம். போகக் கூடாதுன்னு சொன்னா ஆட்டோட, நடந்து, எல்லார் கண்ணு முன்னாலயும் போவீங்கன்னு கணக்குப் போட்டிருக்கு. நெத்துச் சாக்கையும் நீங்களே தூக்கிட்டு வருவீங்கன்னு போட்டிருக்கு."

தோளில் கிடந்த சாக்கைப் பார்த்தேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, வெட்கம். அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம்தான் வேறொன்று தட்டியது.

"அப்ப தேரி போயிரும்?"

"போயிரும்."

"ஊரு?"

"அதுவும்தான் தாத்தா."

"ஊர்க்காரனுக்குச் சொல்லிட்டியளா?"

"இப்ப சொன்னா பீதி கிளம்பும்னு வாரியத்துல..."

"சொல்லாம எங்கையில மஞ்சத் துணி கட்ட விட்டிய! எங்காலுல தண்ணி ஊத்த விட்டிய! லிங்கத்துரை அடகு வச்சுக் கடை போட்டுட்டு எங்கையப் பிடிச்சு அழுதான். அவன் அழுவான்னும் உங்க கணக்குல இருந்துச்சா? இருந்துச்சா, சொல்லு!"

புளியமரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிவிட்டது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "எனக்குத் தெரியாது தாத்தா. சத்தியமா."

போனை எடுத்து லிங்கத்துரையைக் கூப்பிட்டேன். முழுதும் சொன்னேன். தேரி நிற்காது, நான் இருந்தாலும் நிற்காது, கடையைப் பெயர்த்துக்கொண்டு மேற்கே வா என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அண்ணாச்சி," என்றான் கடைசியில், "போனவரு போயிட்டீரு. அதுக்கு இப்பிடியொரு கதை கட்டணுமா?" வைத்துவிட்டான்.

ஹப்ஸாவைப் பார்த்தேன். "நான் சொன்னா நம்ப மாட்டேங்கான். நீ படிச்சவ. நீ சொன்னா நம்புவான். போயிச் சொல்லு."

"வேலை போயிரும் தாத்தா."

"எனக்கு என்ன வேலை இருக்கு போறதுக்கு? நான் சொல்லிட்டேன். மிச்சம் உம்பாடு."

அவள் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றாள். நான் ஆடுகளைக் கிளப்பினேன். கொஞ்ச தூரம் போனதும் அந்தக் கணக்குப் பேச்சு திரும்பத் திரும்ப மண்டையில் வந்து முட்டியது. நான் எதற்காக நடக்கிறேன்? உலகம்மாள் குளிருகிறது என்றாள், அதற்காக நடக்கிறேன். அந்தக் குளிர் எந்தக் குச்சிக்குக் கேட்டது? ஒருவேளை கேட்டிருக்கலாம். போன் வழியாகத்தானே பேசினாள். அப்படி நினைத்ததும் நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

வந்த வழியே திரும்பிவிடலாமா என்று தோன்றியது. திரும்பினால் அதன் கணக்கு பொய்த்துப் போகும். நெற்றுச் சாக்கைக் குளத்தில் கொட்டலாமா என்றும் தோன்றியது. கொட்டினால் உடைமரம் வராது, வாரியத்தான் வயிறெரிவான். அந்தச் சந்தோசத்துக்காக மூன்று வருசம் மணலில் படுத்தவன்தானே நான். சாக்கின் வாயை அவிழ்க்கக்கூடச் செய்தேன். கச்சேரி ஓடிவந்து அதற்குள் தலையை விட்டது.

பசித்த ஆடு. இன்னும் நான்கு நாள் நடை. போய்ச் சேர்ந்ததும் உலகம்மாள் முதலில் தடவிப் பார்ப்பது என்னையல்ல, இதன் விலாவைத்தான். எலும்பு தட்டினால் என்னைத் தொலைத்துவிடுவாள்.

நானும் குறி சொல்கிறவன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளை பிறந்த பிறகு "ஆம்பளப் பிள்ளைன்னு அப்பவே சொன்னேம்லா" என்பான். செத்த பிறகு "கண்டம் இருக்குன்னு சொன்னேம்லா" என்பான். நான் போனால், போவேன் என்று கணக்குப் போட்டேன் என்கிறது. போகாமல் இருந்திருந்தால், இருப்பேன் என்று போட்டேன் என்றிருக்கும். எல்லைக் கோட்டைக் கையில் வைத்திருக்கிறவனுக்கு நான் எங்கே நின்றாலும் உள்ளேதான். இதற்குப் போய் டாக்டர் பட்டம்.

அடுத்த ஊர் வயலோரத்தில் ஒரு சம்சாரி மண்வெட்டியோடு நின்றான். ஆடுகளைப் பார்த்ததும் போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டான்: "எங்க போறிய, பெரியவரே? நைட்டு நம்ம வயல்ல கிடை போடுறியளா?"

வாயைத் திறந்தேன். இல்லை என்று சொல்லத்தான் திறந்தேன். அவன் வரப்பில் ஒரு கறுப்புக் குச்சி புத்தம் புதிதாக நின்றது. நட்ட இடத்து மண் இன்னும் காயவில்லை. நான் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அதன் கணக்கில் இருக்கும்.

"பொண்டாட்டியப் பாக்கப் போறேன்" என்றேன், குச்சிக்கும் கேட்கும்படி சத்தமாக. "அதுக்கு மட்டுந்தான்."

சாக்கின் வாயைக் கட்டி மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். கச்சேரி கத்தியது. நடந்தேன்.